படுத்திருப்பவர் மட்டும்

ஏழாம் எண் கட்டிலில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் கட்டிலின் கம்பியைப் பற்றி நின்ற கணவர், மறு கையால் துண்டை வீசி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“படுத்திருக்கிறவங்க மட்டும் உள்ள! நிக்கிறவங்க எல்லாம் வெளிய!” என்று கதவருகிலிருந்தே கத்தினார் மேற்பார்வையாளர் சிங்காரவேலு.

அரியலூர்ச் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கட்டில்கள் பன்னிரண்டு. நின்றவர்கள் எழுபது பேர். அங்கெல்லாம் ஒருவரைத் தேள் கொட்டினால் தெருவே வேன் பிடித்து வந்துவிடும். பதினோரு மணிக்கு ஆய்வுக்கு வரவிருந்த நிர்வாக அதிகாரியோ, இன்னொரு முறை கூட்டத்தைக் கண்டால் சிங்காரவேலுவுக்கு வேலை இல்லை என்று போன மாதமே சொல்லியிருந்தார்.

“ஒரு ஆளுக்கு ஒம்பது பேரு! பொண்ணு பாக்கவா வந்தீங்க?” என்று விரட்டிக்கொண்டே அவர் ஏழாம் கட்டிலை அடைந்தார். “எந்த ஊரு?”

“செந்துறைப் பக்கங்க. பேரு செல்லப்பன்.”

அவருடைய சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. சித்திரை வெயிலில் யாருடைய சட்டைதான் நனையவில்லை?

“வெளிய போயி உக்காருங்க.”

“சார், நான் வந்து...”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. ஒங்க சம்சாரத்த நாங்க பாத்துக்க மாட்டமா?”

“ராத்திரி பூரா முழிச்சிருந்தா சார். இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பிடாதீங்க.”

செல்லப்பன் துண்டை மடித்து அவள் தலைக்கு அணை கொடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

“கல்யாண ஊர்வலமா போறீங்க? வெரசா நடங்க!”

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கட்டிலுக்கு ஒருவர் என்பதைத் தவிர உள்ளே ஈ, காக்கை இல்லை. “இதத்தான்யா கேட்டேன்” என்று சிங்காரவேலுவின் தோளில் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி மாயவன் ஓடிவந்தான். “சார், வேப்பமரத்தடியில ஒருத்தரு விழுந்துட்டாரு. மூச்சு இழுக்குது.”

“கூட வந்த ஆளுதானே? வெயில் மயக்கமா இருக்கும். மொகத்துல தண்ணி தெளி” என்றார் சிங்காரவேலு, அதிகாரியின் காதில் விழாதவாறு.

அதிகாரியின் கார் புறப்பட்டுப் போனதும் மாயவன் திரும்பி வந்தான்.

“இனிமே தண்ணி தேவப்படாது சார்.”

உள்ளே, ஏழாம் கட்டிலின் முறை ஒருவழியாக வந்திருந்தது. செவிலி அபிநயா ஈசிஜி கருவியைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுத்திருந்தவளைத் தட்டி எழுப்பினாள்.

“சீட்டுல நெஞ்சுவலின்னு போட்டிருக்கு, நீங்க இப்படி அசந்து தூங்குறீங்களே!”

அவள் திடுக்கிட்டு எழுந்து, கூச்சத்துடன் சேலையைச் சரிசெய்துகொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள்.

“நெஞ்சுவலி எங்க வூட்டுக்காரருக்குங்க, நான் கூட வந்தவ.”