நூறாவது லெவல்

ஆறு வருடமாகத் தலைக்கவசத்தைக் கழற்றாமல், மனைவி ஊட்டியதை விழுங்கிக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே குடியிருந்தான் தணிகைவேல். பன்னிரண்டு லட்சம் காட்டுப்பன்றிகளைக் கொன்று நூறாவது லெவலை எட்டியிருந்தான். அந்த லெவல் இருந்தால்தான் மலைக்கோட்டைக்குள் நுழைய முடியும். நேற்று விளையாட்டை நடத்தும் நிறுவனம் விதியைத் தளர்த்தியது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எவருக்கும் நூறாவது லெவல்.

காலையில் பொன்கவசம் அணிந்த ஒரு புதுமுகம் கோட்டைக்குள் அவனை நோக்கி ஓடி வந்தது.

"ஒரு பன்னியாவது கொன்னிருப்பியா நீ? ஓசியில வந்த கூட்டம்!" என்று காறித் துப்பினான் தணிகைவேல்.

"அப்பா, நான் செம்மலர். மூணாங்கிளாஸ் வந்துட்டேன்பா. இங்க வந்தாத்தான் உங்ககிட்ட பேச முடியும்னு அம்மா சொன்னாங்க."

அவன் மகளைப் பார்க்கவில்லை. அவள் கவசத்தைப் பார்த்தான். அச்சு அசலாகத் தன்னுடையதைப் போலவே இருந்தது. வயிறு எரிந்தது.

மதியத்துக்குள் எந்தச் சலுகையும் இல்லாத அதே விளையாட்டின் வேறொரு சர்வருக்குக் குடிபெயர்ந்து, முதல் பன்றியைத் துரத்திக்கொண்டிருந்தான் அந்த உழைப்பாளி.