சரிங்க சார்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மகள் மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்டாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"வேண்டாம்னு அனுப்பிட்டாங்கம்மா. ஃபோர்மேன் சார்தான்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, யார் யாரையோ பிடித்து, அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வாங்கிக் கொடுத்த வேலை அது.

"எதிர்த்துப் பேசினியா?"

"இல்லைம்மா."

"லேட்டாப் போனியா? போனை நோண்டிக்கிட்டு நின்னியா?"

"இல்லவே இல்லைம்மா. நீ சொன்ன மாதிரியே, அவர் என்ன சொன்னாலும் 'சரிங்க சார்'னுதான் சொன்னேன். சொன்னதைச் செஞ்சேன். செஞ்சு முடிச்சதும், 'நீ இந்த வேலைக்கு லாயக்கில்லை, வீட்டுக்குப் போ'ன்னுட்டார்."

இதைக் கேட்டுவிட்டு அம்மா சும்மா இருப்பாளா? அவள் ஒரு ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிறவள். மேலே இருப்பவர்கள் கிழக்கை மேற்கு என்றாலும் தலையாட்டியதால்தான் இத்தனை வருடம் காலம் தள்ள முடிந்தது என்பது அவள் தீர்மானம். அந்த வித்தையை மகளுக்கும் ஒரு வாரமாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படித் தயார் செய்து அனுப்பிய பெண்ணையா லாயக்கில்லை என்கிறான்?

"செருப்பை மாட்டு. அந்த ஆளை ஒரு கை பார்த்துட்டு வரலாம்."

வாசலில் இருந்த காவலாளி 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டு நேரம். மிஷின்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. அட்டை வெட்டும் மிஷின் பக்கத்தில் ஃபோர்மேன் மட்டும் நின்றிருந்தார். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம்.

அம்மா பொரிந்து தள்ளினாள்.

"ஏன் சார், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? சொன்ன சொல்லைத் தட்டாத பொண்ணு சார் இவ. முதல் நாளே அழ வெச்சு அனுப்பியிருக்கீங்க. உங்களுக்கு வேண்டியவங்க யாரையாவது சேர்க்கணுமா? அதை நேராச் சொல்லிட்டுப் போங்களேன்!"

அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குனிந்து மிஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

"பேசலாம்மா. முதல்ல, உள்ளே ஒரு துண்டு அட்டை சிக்கியிருக்கு பாருங்க. கொஞ்சம் கையை விட்டு எடுத்துக் கொடுங்க. சீக்கிரம்."

அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஃபோர்மேனே ஒரு உதவி கேட்கிறார், செய்து கொடுத்தால் மனம் இளகாமலா போய்விடுவார்?

"சரிங்க சார்" என்று சொல்லி, வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். அட்டைத் துண்டு விரலில் தட்டுப்பட்டது.

"கையை அசைக்காதீங்க" என்றார் ஃபோர்மேன். "அப்படியே மேலே பாருங்க."

பார்த்தாள்.

மணிக்கட்டுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், மிஷினின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கத்தி.

அம்மாவுக்குக் கையை வெளியே இழுக்கக்கூடத் தோன்றவில்லை. அவர்தான் முழங்கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டார்.

"பயப்படாதீங்க. மெயினை அணைச்சு, கத்தி இறங்காதபடி பூட்டி வெச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "ஆனா அது உங்களுக்குத் தெரியுமா? மிஷினை நிறுத்தியாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க சொன்னீங்களேன்னு..."

"காலையில உங்க பொண்ணும் இதையேதான் சொன்னா. புதுசா யார் வந்தாலும் நான் கொடுக்கிற முதல் வேலை இதுதான். 'நிறுத்தியாச்சா சார்?'னு கேட்டா சேர்த்துக்குவேன். கேட்காம கையை விட்டா அனுப்பிடுவேன். நாளைக்கே அவசரத்துல வேற ஒருத்தர் எடுன்னு சொல்லுவார். அவர் பையில சாவி இருக்காதும்மா."

அம்மா மகளின் கைகளைப் பார்த்தாள். காலையில் இந்தக் கத்திக்கு அடியில் போய்விட்டு வந்த கைகள்.

ஃபோர்மேன் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தர்றதே இல்லையா?"

"சொல்லித் தந்தாங்க சார். ஆபத்துன்னு பட்டா முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னு, கடைசி மாசம் தனியா கிளாஸே எடுத்தாங்க." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாதான், அதெல்லாம் பரீட்சையோட மறந்துடு, வேலை செய்யற இடத்துல வாயைத் திறக்காதேன்னாங்க."

அம்மாவுக்கு, பெற்ற பெண்ணின் கையைத் தானே பிடித்துக் கொண்டுபோய் அந்தக் கத்திக்கு அடியில் வைத்தது போல இருந்தது. எதிரில் நிற்பவர்மேல் இருந்த கோபம் மொத்தமும் இப்போது தன்மேலேயே திரும்பியது.

"தப்பு என் மேலதான் சார்" என்றாள். "இன்னொரு தடவை அவளைக் கேட்டுப் பாருங்க சார். ஒரே ஒரு தடவை."

ஃபோர்மேன் சற்று யோசித்தார். பிறகு மகளிடம் மிஷினைக் காட்டினார்.

"அந்தத் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கு. எடும்மா."

மகள் மிஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

"மாட்டேன்னு சொல்லுடி!" அம்மா அலறியேவிட்டாள்.

"சரிம்மா" என்றாள் மகள். உடனே அவர் பக்கம் திரும்பி, "மாட்டேன் சார்" என்றாள்.

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டார்.

"காலையில வரட்டும்" என்றார் அம்மாவிடம். "நீங்க கூட வராதீங்க."