ஆறாவது மாடியின் முப்பத்தாறு லிட்டர்

ஹைதராபாத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பசுமைச் சான்றிதழுக்காகப் பழைய கழிவறைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, தண்ணீர் குறைவாகச் செலவாகும் புதியவற்றை மாட்டினான் பிளம்பர் யாதகிரி. மாடிக்கொரு மீட்டரும் வைத்தான். ஆறாவது மாடி எட்டு மாதமாகக் காலி, பூட்டிக் கிடந்தது. அதன் மீட்டர் மட்டும் தினமும் முப்பத்தாறு லிட்டர் காட்டியது.

"எங்கயோ ஒழுகுதுடா. நாளைக்கு ஆய்வு. சரி பண்ணலைன்னா மொத்த வேலையும் போச்சு," என்றார் மேலாளர் நரசிங்க ராவ்.

யாதகிரி தேடிப் பார்த்தான்; கசிவு எங்கும் இல்லை. நடைபாதையில் இருந்த தண்ணீர் வால்வை அடைத்து, மாடியைப் பூட்டிவிட்டு வந்தான்.

காலையில் துப்புரவுக்கார சாயம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "தூ! ஆறாவது மாடிக் கதவு வரைக்கும் நாறுது, தம்பி. எவனோ போயிட்டுத் தண்ணிகூட ஊத்தல. நான் கழுவமாட்டேன்."

"சாவி என் இடுப்புலதான் இருக்கு, அக்கா."

யாதகிரியே போனான். கடைசிக் கழிவறையின் கோப்பை மலத்தால் நிரம்பிக் கிடந்தது. காயவே இல்லை. ஈக்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. மூடியைச் சாத்தும்போது விரல் இருக்கையில் பட்டது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தான். அதைக் கழுவத் தண்ணீர் இல்லை. வெளியே வந்து வால்வைத் திறந்துவிட்டான். உள்ளே தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டு, நின்றது.

பிறகு உள்ளே யாரோ தொட்டியின் பொத்தானை அமுக்கினார்கள். நாற்றம் மெல்ல அடங்கியது.