பூவிலி

புதிய பாடத்திட்டப் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள். சகாயமேரிக்கு வாய்த்தது, கணினித் திரைக்குள் இருந்த ஆறு வயசு பூவிழி. தன் பெயரையே 'பூவிலி' என்று எழுதுகிற பிள்ளை. அது ழகரத்தைக் கற்றுக்கொண்டால்தான் சகாயமேரிக்குத் தேர்ச்சி. இல்லையென்றால் வேலைக்கே வேட்டு.

வாழை, கோழி, புழு என்று நான்கு நாள் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினாள். இருபது வருசமாகப் பிள்ளைகளைக் கரையேற்றியவளுக்கு இப்படி ஒரு சோதனை! ஐந்தாம் நாள் பூவிழியின் நாக்கு மடிந்து, 'ழ' வந்தேவிட்டது. சகாயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேரை எழுதச் சொல்லுங்க டீச்சர்," என்றார் பயிற்சியாளர். "சரியா எழுதிட்டா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பழையபடி மக்குப் பிள்ளையா ஆக்கணும். நாளைக்கு அடுத்த டீச்சர் வர்றாங்க."

பிள்ளைக்கு அது கேட்டுவிட்டது. பலகையில் 'பூவிலி' என்று எழுதியது.

"தெரிஞ்சுக்கிட்டே தப்பா எழுதுறியா?"

"சரியா எழுதினா உங்களை மறந்துருவேன்ல டீச்சர்?"

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சகாயமேரி அந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட வராத தேன்குரலில், "என் தங்கம்ல? டீச்சருக்காக ஒரே ஒரு தடவை," என்றாள்.

டீச்சர் பேச்சைத் தட்டாத பிள்ளை அது. 'லி'யை அழித்துவிட்டு முத்து முத்தாக 'ழி' எழுதியது.

சான்றிதழ் வாங்கக் கையெழுத்துப் போடும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"வணக்கம் டீச்சர். என் பேரு பூவிலி."