வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு

"'விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் படகுப் பந்தய விளையாட்டை முடக்கப் போகிறோம். உங்கள் மெஷின்கள் பழையவை. காவலும் பழையது. தப்ப முடியாது.' அவ்வளவுதான் மாமா" என்று மேனேஜர் காகிதத்தைச் சட்டென்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமா என்றது அவருடைய மாமனாரை. கம்பெனியை நடத்துவது மருமகன் என்றாலும் காசோலையில் கையெழுத்து மாமனாருடையது. ஒரு பேனா வாங்கக்கூட நாலு நாள் யோசிக்கிற மனிதர்.

மேஜைக்கு எதிரே மெஷின் அக்கா நின்றிருந்தாள். ஆன்லைனில் அந்த விளையாட்டை ஓட்டும் கம்ப்யூட்டர்கள் இருக்கிற அறை அவள் பொறுப்பு. அதனால் ஆபீசில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் மெஷின் அக்காதான்.

"யாரும்மா இவனுங்க? நம்ம மேல இவனுங்களுக்கு என்ன கோபம்?" என்றார் மாமனார்.

"கோபமெல்லாம் இல்லைங்க ஐயா. ஹேக்கருங்க. லீவு நாள்லதான் எல்லாரும் வீட்ல உக்காந்து விளையாடுவாங்க. அன்னிக்குப் பாத்து நிறுத்தினாத்தான் ஊரே பேசும்."

"அது சரி, நம்ம மெஷின் பழசுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"அது ஊருக்கே தெரியும் மாமா" என்று மருமகன் முந்திக்கொண்டார்.

அது உண்மைதான். போன இரண்டு வருடமும் விடுமுறையின் முதல் சாயங்காலமே கூட்டம் தாங்காமல் விளையாட்டு படுத்துவிட்டது. இரண்டு விடுமுறையையும் மெஷின் அக்கா, கோபத்தில் திட்டுகிறவர்களுக்கு மன்னிப்பு அறிவிப்பு எழுதியே கழித்தாள். மூன்றாவது தடவையும் படுத்தால் ஆட வருகிறவர்கள் மொத்தமாக வேறு கடை பார்த்துக்கொள்வார்கள். நாற்பது பேர் வேலை அம்போதான். அவள் வீட்டில் நாலாம் வகுப்பு படிக்கும் மகள் வேறு, இந்த வருஷமாவது ஆறு மணிக்கு என்னோடு படகு ஓட்ட வேண்டும் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். புது மெஷின் கேட்டு மெஷின் அக்கா பதினோரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. பதினோரு தடவையும் "பாக்கலாம்" என்ற பதில்தான் வந்தது.

இந்தத் தடவை மாமனார் பயந்துதான் போனார். மருமகன் விடாமல், செய்தியில் பேர் நாறிப்போகும், சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது என்று கரைத்தார். கடைசியில், என்னதான் வேண்டும் என்று கேட்டார் பெரியவர். மெஷின் அக்கா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். புது மெஷின் இருபது, காவலுக்குப் புது மென்பொருள், கூடமாட இரண்டு ஆள். ஒவ்வொன்றுக்கும் அவர் பல் பிடுங்கக் கொடுத்தவர் போல முகத்தைச் சுளித்தார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தேமுக்காலுக்கே மெஷின் அறையில் நிற்க இடமில்லை. படம் வரைகிறவர்கள், இசை போடுகிறவர்கள், வாசல் காவலாளி, மாமனார் என்று ஆபீசே உள்ளே இருந்தது. சுவர்த் திரையில் ஆட வந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. போன வருடம் ஒரு லட்சத்தில் படுத்தது. ஒரு லட்சம் தாண்டியபோது யாரும் மூச்சு விடவில்லை. மணி ஆறு அடித்தபோது இரண்டு லட்சம். ஆறு பத்துக்கு மூன்று லட்சம். படகுகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. தாக்க ஒரு ஈ காக்கா வரவில்லை.

அறையே விசிலடித்தது. மாமனார் காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பிறகு நினைவு வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். மெஷின் அக்கா மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மகளின் மஞ்சள் படகுக்குப் பக்கத்தில் தன் படகை விட்டாள். "அம்மா, மெதுவா வா, திருப்பத்துல முட்டிக்குவே" என்று வீட்டிலிருந்து ஆடிய மகள் திரையில் எழுதினாள். சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, இவனுங்களைச் சும்மா விடக்கூடாது" என்றார் மாமனார். "அந்தக் கடுதாசியை நாளைக்கே போலீஸ்ல குடுத்து, ஆளைப் பிடிச்சு உள்ள தள்ளணும்."

மெஷின் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் படகு கரையில் போய் முட்டியது.

கூட்டம் கலைந்ததும் அவள் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், போலீசெல்லாம் வேண்டாம். அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான். பதினோரு தடவை கேட்டுப் பாத்துட்டேன், வேற வழி தெரியல. வேலையை விட்டு எடுத்தாலும் தப்பில்லை."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். அவர் அன்றைக்கு மாமனாருக்குப் படித்துக் காட்டாமல் மடித்த கடைசி வரி அதில் இருந்தது. இரண்டு வருடம் எழுதி எழுதிப் பழகிய கை, அவளை அறியாமலே அடித்துவைத்த வரி.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்.'

"போலீசுக்குப் போனா வக்கீல் செலவாகும்னு சொன்னேன், மாமா அப்பவே விட்டுட்டார்" என்றார் மேனேஜர். "அடுத்த லீவுக்கு மெஷின் ரூமுக்கு ஏசி வேணும். அதுக்கு எழுதும்போது மட்டும் இந்த மன்னிப்பு வேண்டாம் அக்கா, படிக்கிறப்போ சிரிப்பை அடக்க முடியல."