வாப்பா கொடுத்த டார்ச்

“நான் முபீன், வயசு இருபத்தாறு, சன்னிவேல், சி பில்டிங்...” அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு வாய்ஸ் டைப் செய்துகொண்டிருந்தான்.

ஊரிலிருந்து அமெரிக்கா வந்திறங்கிய உம்மா வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து நெளிந்தாள். “கதவத் தொறடா, அவசரமா பாத்ரூம் போகணும்.”

மகன் ஏர்போர்ட்டுக்குப் பெருமையாக எடுத்துவந்திருந்த டார்ச்சை வாப்பா கதவின் நம்பர் பூட்டின்மேல் அடித்தார். “நான் ஊர்லேர்ந்து குடுத்தனுப்புனதா இது? கண்ணு கூசுதே!”

“ரீசார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி வாப்பா. உள்ளயே வச்சு ஆடாம சோல்டர் பண்ணிட்டேன்.”

“எஞ்சினியர்ல! கதவத் தொறக்க மட்டும் சொல்லித் தரலையாக்கும். நாலு தடவ நம்பர அமுக்கிட்ட. பூட்டுல பேட்டரி தீந்துபோச்சா?”

“தீரல வாப்பா. உங்க கையிலதான் எரியுது.”

முபீன் மறுபடியும் போனை வாயருகே கொண்டுபோனான். “டார்ச்சுல சோல்டர் பண்ணுன பேட்டரிய அவசரமா கழட்டி கதவுப் பூட்டுல போடணும். என்னோட சோல்டரிங் அயர்ன் வீட்டுக்குள்ள இருக்கு. யார்கிட்டயாவது இருந்தா கொஞ்சம் கொண்டு வாங்க, ப்ளீஸ்.”