கோல் கம்பத்துக்குப் பின்னால்

மனிதகுலத்தின் மகத்தான தருணங்களைக் காலத்தின் பிடியிலிருந்து மீட்பவன் புகைப்படக் கலைஞன். திருவொற்றியூரில் அந்தக் கடமை கஸ்பாருடையது. ஞாயிறுதோறும் கால்வாய்க்கரை மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால், தொண்ணூற்றெட்டுக் கிலோ உடம்போடு மண்டியிட்டுக் கால்பந்தாட்டத்தைப் படமெடுப்பார். அந்த இடத்தை அவருக்கென்றே சுண்ணாம்புக் கோடு போட்டு ஒதுக்கியிருந்தான் கேப்டன் தீனா. அடிக்கடி பந்து வந்து நெஞ்சில் மோதும். கலைக்காகத் தாங்கிக்கொள்வார்.

இறுதிப் போட்டியன்று தீனா பைக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"கெளம்புண்ணே. டீமே உனக்காகக் காத்துகினு கீது."

 முந்தின நாள்தான் கஸ்பாரின் கேமரா கீழே விழுந்து உடைந்திருந்தது. ஒரு வருஷமாகக் கிடைத்த மரியாதை இன்றோடு போய்விடும்.

"நான் வர்ல. வேற ஆளப் பாத்துக்கோ."

"இன்னாண்ணே பேஜாரு பண்றே? நீ இல்லாம மேட்ச்சே நடக்காது!"

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேமரா ஒடஞ்சிபோச்சுடா."

"அத்த வூட்லயே வெச்சிட்டு வா."

"கேமரா இல்லாம நான் எதுக்குடா?"

தீனா தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காதண்ணே. உனக்குப் பின்னாடிதான் கால்வாய் கீது. நீ அங்க குந்திகினா பந்து தண்ணில வுழாது. நம்மகிட்ட கீறது ஒரே பந்து."

 கஸ்பார் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினார்.

அன்றைக்கு இரண்டு கையும் காலியாக இருந்ததால், ஒரு தடவைகூடப் பந்து கால்வாய்க்குள் போகவில்லை.